பூமியின் நாடி பார்த்த சுரங்க என்ஜினீயர்

(இறுதியாண்டு, சிவில் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் நம் கல்லூரியில் கவிஞர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. அந்தப் பக்கங்களை அவர்களே நிரப்பிவிடுவார்கள். அதனால் ஒரு என்ஜினீயரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தேன். அவரை நான் தெரிந்துகொண்டதே ஒரு தண்டனையால்தான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டு சர்வே பிராக்டிகல். ஒரு பெஞ்ச் மார்க்கில் தொடங்கி, மைதானத்தைச் சுற்றி லெவல் எடுத்துக்கொண்டே வந்து, அதே பெஞ்ச் மார்க்கில் முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் தொடங்கிய உயரமே திரும்ப வர வேண்டும். எங்கள் குழுவுக்கு 45 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஸ்டாஃப் பிடித்தவனுக்குப் பசி. திரும்ப முதலிலிருந்து எடுக்க யாருக்கு மனசு வரும்? நடுவில் ஒரு ரீடிங்கை ரப்பரால் அழித்து, அந்த 45 மில்லிமீட்டரை அதற்குள் நுழைத்து, வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டிவிட்டோம்.

நோட்டைப் பார்த்த சார் திட்டவில்லை. உலகத்தில் எந்த சர்வேயருக்கும் இவ்வளவு சுத்தமாகப் பூஜ்யம் வருவதில்லையே, உங்களுக்கு மட்டும் எப்படிப்பா வந்தது என்று மெதுவாகக் கேட்டார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். மறுநாள் காலை திரும்ப எடுக்கச் சொன்னார். ரப்பர் பிடித்த கை என்னுடையது என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை கொடுத்தார். லைப்ரரிக்குப் போய் ஜான் மில்ன் என்பவரைப் பற்றிப் படித்துவிட்டு வரவேண்டும். படித்தேன். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கடல் பயணம் பிடிக்காத மனிதர்

ஜான் மில்ன் 1850-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். லண்டனில் கிங்ஸ் கல்லூரியிலும், ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் என்ற சுரங்கக் கல்லூரியிலும் படித்தார். படித்தது சுரங்கத் தொழில். கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்திலும் லாப்ரடாரிலும் கனிம வளம் தேடி அலைந்தார். 1874-இல் சினாய் மலை எங்கே இருக்கிறது என்று தேடிப்போன ஓர் ஆய்வுக் குழுவோடு அரேபியப் பாலைவனத்துக்கும் போய்வந்தார். ஓரிடத்தில் உட்காரும் ஆள் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது அல்லவா?

அந்தச் சமயத்தில் ஜப்பான் விழித்துக்கொண்டிருந்தது. மெய்ஜி பேரரசர் காலம். ரயில், தந்தி, சுரங்கம், கப்பல் கட்டும் தளம் எல்லாம் வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க வெளிநாட்டு ஆசிரியர்கள் வேண்டும். டோக்கியோவில் இம்பீரியல் காலேஜ் ஆஃப் என்ஜினீயரிங் என்ற பொறியியல் கல்லூரியைத் தொடங்கியிருந்தார்கள். சுரங்கவியலும் நிலவியலும் கற்பிக்கும் பேராசிரியர் வேலை 25 வயது கூட நிரம்பாத மில்னுக்குக் கிடைத்தது.

மில்னுக்குக் கப்பல் என்றால் வயிற்றைப் புரட்டும். அதனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? 1875-இல் கிளம்பி, ரஷ்யா, சைபீரியா, மங்கோலியா, சீனா என்று தரை வழியாகவே மாதக்கணக்கில் பயணம் செய்தார்! அப்போது சைபீரியாவில் ரயில் பாதை கிடையாது. அந்தப் பாதை போடும் வேலை தொடங்கியதே 1891-இல்தான். கடும் குளிரில் வண்டியிலும் சறுக்கு வண்டியிலும் குலுங்கிக் குலுங்கி, 1876 மார்ச் மாதம் டோக்கியோ வந்து சேர்ந்தார். வந்த முதல் இரவே ஒரு நிலநடுக்கம் அவரை வரவேற்றது என்று சொல்வார்கள்.

அந்தக் கல்லூரியைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அங்கே ஆறு வருஷப் படிப்பு. இரண்டு வருஷம் பொதுப் பாடம், இரண்டு வருஷம் தொழில்நுட்பப் பாடம், இரண்டு வருஷம் நேரடிக் களப் பயிற்சி. இன்றைக்கு நம்ம பாலிடெக்னிக்குகளில் சாண்ட்விச் கோர்ஸ் என்கிறோமே, அதே சங்கதிதான். கை படாத படிப்பு படிப்பில்லை என்பது அந்தக் கல்லூரியின் கொள்கை. மில்னுக்கு அது அப்படியே பொருந்திப் போயிற்று.

ஆதிசேஷனும் கெளுத்தி மீனும்

பூமி ஏன் நடுங்குகிறது? ஆதிசேஷன் தலை மாற்றுகிறான் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஜப்பானியப் பாட்டிமார் பூமிக்கு அடியில் ஒரு பெரிய கெளுத்தி மீன் படுத்திருக்கிறது, அது வாலை அடித்தால் நாடு நடுங்குகிறது என்றார்கள். விஞ்ஞானிகள் நிலைமையும் அன்றைக்குப் பெரிதாக மேலே இல்லை. பூமிக்குள்ளே காற்று, நீராவி, எரிமலைக் குழம்பு என்று ஆளுக்கொரு யூகம். காரணம் எளிது. யாரிடமும் அளவு இல்லை. எந்தத் திசையில், எவ்வளவு தூரம், எத்தனை விநாடி நிலம் ஆடியது என்று சொல்லத் தக்க ஒழுங்கான கருவி கிடையாது.

1880-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி யோகஹாமா நகரை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. புகைபோக்கிகள் விழுந்தன, கூரைகள் சரிந்தன. மில்ன் உடனே நண்பர்களைக் கூட்டினார். அந்த ஆண்டே ஜப்பான் நிலநடுக்கவியல் சங்கம் பிறந்தது. நிலநடுக்கத்துக்கென்றே அமைந்த உலகின் முதல் சங்கம் அதுதான்.

அவரோடு சேர்ந்து உழைத்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் தந்திப் பொறியியல் கற்பித்த தாமஸ் கிரே. இன்னொருவர் ஜேம்ஸ் ஆல்ஃப்ரெட் யூவிங். எலக்ட்ரிகல் நண்பர்களே, உங்களைப் பாடாய்ப்படுத்தும் ஹிஸ்டெரிசிஸ் வளைவு இருக்கிறதே, அந்த ஹிஸ்டெரிசிஸ் என்ற பெயரைச் சூட்டியவர் இதே யூவிங்தான்! நிலநடுக்கமானியைக் கண்டுபிடித்த பெருமையை மில்னுக்கு மட்டும் கொடுப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. மூவருக்கும் அதில் பங்கு உண்டு. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அவர்களுக்குள்ளேயே உரசலும் இருந்தது. பெரியவர்களும் மனிதர்கள்தானே!

கேட் கதவு சொன்ன பாடம்

அவர்களுடைய சிக்கலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிலம் ஆடுவதை அளக்க, ஆடாத ஒரு பொருள் வேண்டும். நிலம், மேஜை, கட்டடம், அளப்பவர் எல்லாமே சேர்ந்து ஆடும்போது ஆடாத பொருளுக்கு எங்கே போவது? ஊசலைத் தொங்கவிட்டால், மேலே மாட்டிய இடம் சட்டென்று அசைந்தாலும் கனமான குண்டு கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நிற்கும். நிலைமம்தான் காரணம். ஆனால் நிலம் மெதுவாக ஆடினால் குண்டும் கூடவே போய்விடும். அதனால் ஊசலின் அலைவு நேரம் நீளமாக இருக்க வேண்டும்.

முதலாண்டு பிசிக்ஸ் சூத்திரத்தை எடுங்கள். அலைவு நேரம் 20 விநாடி வேண்டுமானால் ஊசலின் நீளம் என்ன? போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 100 மீட்டர் வருகிறது. முப்பது மாடிக் கட்டடம் அளவுக்கு ஊசல் கட்ட முடியுமா?

இதற்கு விடை கிடைஊசல். நம் வீட்டு கேட் கதவைப் பாருங்கள். கம்பம் செங்குத்தாக இல்லாமல் லேசாகச் சாய்ந்திருந்தால், கதவு தானாக மெல்ல மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் வந்து நிற்கும். தள்ளிவிட்டால் மிக மெதுவாகப் போய்த் திரும்பும். அதே போல ஒரு தண்டின் முனையில் எடையை வைத்து, மிகச் சிறிய சாய்வில் கதவு மாதிரி மாட்டினால், கைக்கு அடக்கமான கருவியிலேயே நீண்ட அலைவு நேரம் கிடைத்துவிடும். முனையில் ஓர் ஊசி. எதிரே நகரும் தட்டு. நிலத்தின் ஆட்டம் கோடாக எழுதப்பட்டது.

தபால் கார்டும் இரும்புக் குண்டுகளும்

கருவி ஒன்று இருந்தால் போதுமா? பல ஊர்களிலிருந்து தகவல் வேண்டும். மில்ன் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் சிரிப்பு வரும். டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் அலுவலகங்களுக்குக் கட்டுக் கட்டாகத் தபால் கார்டு அனுப்பினார். நிலநடுக்கம் வந்ததா, எப்போது வந்தது என்று எழுதி வாராவாரம் ஒரு கார்டைத் தபாலில் போட்டால் போதும். இந்தச் சின்ன யோசனை வளர்ந்து நாடு முழுவதும் பரவியது. 1885 முதல் 1892 வரை ஜப்பானில் பதிவான 8331 நிலநடுக்கங்களின் பட்டியலை அவர் பிறகு வெளியிட்டார். எட்டாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று! ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து அனுப்பிய செய்தி.

நிலநடுக்கம் வரும் வரை காத்திருக்கவும் அவருக்குப் பொறுமை இல்லை. கனமான இரும்புக் குண்டை உயரத்திலிருந்து போட்டும், வெடிமருந்தை வெடிக்க வைத்தும், செயற்கை அதிர்வுகளை உண்டாக்கி அளந்தார். ஓடும் ரயில்களில் கருவியை வைத்து அதிர்வைப் பதிவு செய்து, ரயில் என்ஜின்களின் பேலன்சிங் சரியில்லாததைக் காட்டினார். மெக்கானிகல் நண்பர்கள் கவனிக்கவும்.

சிவில்காரனான எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு சோதனை. நிலம் ஆடினாலும் வீடு ஆடக்கூடாது என்றால், நிலத்தையும் வீட்டையும் பிரித்துவிட்டால் என்ன? ஒரு சிறு கட்டடத்தை இரும்பு உருண்டைகளின் மேல் நிறுத்திப் பார்த்தார். உருண்டை பெரிதாக இருந்தபோது காற்றடித்தாலே வீடு நகர்ந்தது! அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கைப்பிடி அளவு சின்னச் சின்ன இரும்பு ரவைகளின் மேல் தூண்களை நிறுத்தியபோது சரியாக வந்தது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி குஜராத் நிலநடுக்கத்தில் புஜ் நகரின் மருத்துவமனை இடிந்ததே, அதற்குப் பதில் கட்டிய புதிய மருத்துவமனை ரப்பரும் ஈயமும் கொண்ட தாங்கிகளின் மேல் நிற்கிறது. தத்துவம் ஒன்றுதான்.

இதற்கிடையே 1881-இல் மில்ன் தோனே ஹோரிகாவா என்ற ஜப்பானியப் பெண்ணை மணந்தார். ஹகோடாடே நகரில் ஒரு புத்த மடத்தின் தலைவருடைய மகள் அவர். கடைசி வரை மில்னின் கூடவே இருந்தார்.

பச்சை வயலில் ஆறு மீட்டர் சுவர்

1891-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி காலை. மத்திய ஜப்பானில் மினோ, ஓவாரி என்ற இரு மாகாணங்களைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 7000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மில்ன் அங்கே ஓடினார். பார்த்த காட்சி அவரைக் கலக்கியது. மேல்நாட்டு முறையில் புதிதாக எழுப்பிய செங்கல் கட்டடங்கள் நொறுங்கிக் கிடந்தன. நாகரா நதியின் மேல் வெளிநாட்டுப் பொறியாளர்களின் திட்டப்படி கட்டிய இரும்பு ரயில் பாலம் தண்ணீரில் கிடந்தது. கனத்த ஓட்டுக் கூரை போட்ட ஜப்பானிய வீடுகளும் தப்பவில்லை. தரக்குறைவான சாந்து, ஒட்டாத செங்கல், தலைக்கனம் பிடித்த கூரை, இவைதான் மனிதர்களைக் கொன்றன. இந்த ஒரு விஷயம் இன்றைக்கும் மாறவில்லை. நிலநடுக்கம் கொல்வதை விட நாம் கட்டிய கட்டடம் கொல்வதுதான் அதிகம். வருங்கால சைட் என்ஜினீயர்களே, இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

அங்கே நியோ பள்ளத்தாக்கில் மிடோரி என்ற கிராமத்தில் ஓர் அதிசயம். சமதளமாகக் கிடந்த நிலம் பிளந்து, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை விட 6 மீட்டர் உயர்ந்து சுவர் போல நின்றது. நிலநடுக்கம் வந்ததால் நிலம் பிளந்ததா, நிலம் பிளந்ததால் நிலநடுக்கம் வந்ததா? இதை ஆராய்ந்த ஜப்பானிய நிலவியலாளர் புன்ஜிரோ கோடோ, பிளவுதான் காரணம், நடுக்கம் அதன் விளைவு என்று 1893-இல் எழுதினார். பாறைகள் நெடுங்காலம் இறுகி, வளைந்து, தாங்க முடியாத கட்டத்தில் படாரென்று நழுவுகின்றன. அந்த நழுவலிலிருந்து கிளம்பும் அலைகளே நிலநடுக்கம். ஆதிசேஷனுக்கும் கெளுத்தி மீனுக்கும் அன்றோடு ஓய்வு!

ஒரு இரவில் எல்லாம் சாம்பல்

இனி சொல்லப் போவது இந்த வாழ்க்கையில் என்னை உலுக்கிய பகுதி.

1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 17. டோக்கியோவில் மில்னின் வீடும் அதை ஒட்டிய ஆய்வுக்கூடமும் தீப்பிடித்து எரிந்தன. இருபது வருஷம் சேர்த்த நூல்கள், கருவிகள், உடைமைகள் எல்லாம் போயின. அப்போது அவருக்கு வயது 44. நம்மில் ஒருவனுக்கு ரெக்கார்டு நோட்டு ஒன்று தொலைந்தாலே இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அவர் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆண்டே அவர் மனைவியோடு ஊர் திரும்பினார். கிளம்பும் முன் பேரரசர் அவரை வரவழைத்து, உதயசூரிய விருது அளித்துக் கௌரவித்தார். இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில் ஷைடு என்ற சிற்றூரில் ஒரு வீட்டை வாங்கினார். உதவிக்கு ஷினோபு ஹிரோடா என்ற ஜப்பானிய இளைஞர். நிலநடுக்கமே வராத ஊர் அது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு நிலநடுக்கத்தை ஆராய்வதா? ஓய்வு எடுக்கத்தான் போகிறார் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

அவர் கணக்கு வேறு. பெரிய நிலநடுக்கம் ஒன்றை, சரியான கருவி இருந்தால், உலகின் எந்த மூலையிலிருந்தும் பதிவு செய்யலாம் என்று அவர் 1883-லேயே எழுதியிருந்தார். 1889 ஏப்ரலில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ரெபூர்-பாஷ்விட்ஸ் என்ற இளம் விஞ்ஞானி வேறு எதையோ அளக்க வைத்திருந்த ஊசல் திடீரென்று ஆடியது. ஜப்பானில் வந்த நிலநடுக்கத்தின் அலைதான் பூமியைக் கடந்து அங்கே வந்திருந்தது! மில்னின் சொல் பலித்தது. அப்படியானால் நடுங்காத ஊரில் உட்கார்ந்தும் உலகத்தின் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம் அல்லவா?

மில்ன் முதலில் தன் வீட்டிலேயே கருவியை நிறுவினார். பிறகு பிரிட்டிஷ் அசோசியேஷன் ஆதரவோடு, ஒரே மாதிரிக் கருவிகளை உலகமெங்கும் அனுப்பினார். டொரான்டோ, கேப் டவுன், மொரீஷியஸ், பெர்த், வெலிங்டன், கல்கத்தா, பம்பாய் என்று நிலையங்கள் பெருகி சுமார் 40 ஆயின. 1901-இல் கேப்டன் ஸ்காட்டின் டிஸ்கவரி கப்பலில் ஏறி மில்னின் கருவி அண்டார்டிகாவுக்கும் போனது. நம் பக்கத்திலும் ஒன்று இருந்தது. சூரியனை ஆராய்வதற்காக அமைந்த கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் மில்ன் நிலநடுக்கமானி வைத்திருந்தார்கள். நாம் டூர் போய் ஏரியில் படகு விட்டுத் திரும்பும் அதே கொடைக்கானல்தான்!

அத்தனை ஊர்களிலும் யாரோ ஒரு ஊழியர் தினமும் காகிதத்தை மாற்ற வேண்டும், கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும், கோடு எப்போது நெளிந்தது என்று குறிக்க வேண்டும், ஷைடுக்கு அனுப்ப வேண்டும். மில்ன் அவற்றையெல்லாம் தொகுத்து, ஷைடு சுற்றறிக்கைகள் என்று அச்சிட்டு உலகுக்கே கொடுத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

கோடுகளுக்குள் தெரிந்த பூமி

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பரீட்சை இல்லை.

நிலநடுக்கத்திலிருந்து இரண்டு வகை அலைகள் பூமிக்குள் புறப்படுகின்றன. பி அலை, முன்னும் பின்னும் அழுத்தித் தள்ளிக்கொண்டு ஓடுவது. ஒலி போல. எஸ் அலை, பக்கவாட்டில் உதறிக்கொண்டு போவது. கயிற்றை உதறினால் ஓடுமே, அது போல. மேல் பாறைகளில் பி அலை விநாடிக்கு 6 கிலோமீட்டர், எஸ் அலை 3.5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் தூரத்தில் பி அலை 16.7 விநாடியில் வரும். எஸ் அலை 28.6 விநாடியில் வரும். இடைவெளி ஏறத்தாழ 12 விநாடி. ஆகவே இடைவெளியைப் பார்த்தாலே நிலநடுக்கம் எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று சொல்லிவிடலாம். மூன்று நிலையங்களிலிருந்து மூன்று வட்டம் போட்டால் வெட்டும் இடம்தான் மையம். சர்வேயில் நாம் செய்வதேதான்!

எஸ் அலைக்கு ஒரு குணம் உண்டு. அது திடப்பொருளில் மட்டுமே போகும். திரவத்தை உதற முடியாதல்லவா? இந்தக் குணம்தான் பிற்பாடு பெரிய கதவைத் திறந்தது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர் ரிச்சர்ட் டிக்ஸன் ஓல்டாம். 1897 ஜூன் 12-ஆம் தேதி அஸ்ஸாமைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் அவர். பி, எஸ், மேற்பரப்பு அலை என்று மூன்றையும் கருவிக் கோடுகளில் பிரித்துக் காட்டினார். பிறகு மில்னின் நிலையங்கள் உட்பட உலகின் பல இடங்களிலிருந்து வந்த பதிவுகளை வரிசைப்படுத்தினார். நிலநடுக்கத்துக்கு நேர் எதிர்ப்புறம் உள்ள ஊர்களுக்கு அலைகள் எதிர்பார்த்ததை விடத் தாமதமாக வந்தன. நடுவில் அலைகளை மெதுவாக்கும் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. அதுதான் பூமியின் உள்ளகம்! 1906-இல் அவர் இதை வெளியிட்டார்.

அதற்குப் பிறகு கதவுகள் வரிசையாகத் திறந்தன. 1909-இல் குரோஷியாவில் வந்த நிலநடுக்கத்தை வைத்து மோஹோரோவிசிச் மேலோட்டின் அடிப்பாகத்தைக் கண்டார். குட்டன்பர்க் உள்ளகம் சுமார் 2900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று கணக்கிட்டார். 1926-இல் ஜெஃப்ரீஸ் அது திரவம் என்று காட்டினார். 1936-இல் டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண் விஞ்ஞானி அந்தத் திரவத்துக்கும் நடுவில் இன்னொரு உள்ளகம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அது திடமானது என்பது பிற்பாடு உறுதியாயிற்று. இன்று நமக்குத் தெரியும்: பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர். மேலோடு இடத்துக்கு இடம் 5 முதல் 70 கிலோமீட்டர் வரை. அதன் கீழே 2890 கிலோமீட்டர் வரை மேன்டில். 5150 வரை உருகிய இரும்பும் நிக்கலும். நட்ட நடுவில் திட இரும்புப் பந்து. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாத் துளை, 12 கிலோமீட்டர் சொச்சம்தான். மீதி அத்தனையும் தோண்டிப் பார்த்துச் சொன்னதல்ல. கோட்டைப் பார்த்துச் சொன்னது.

குறையும் நிறையும்

மில்னின் கருவியில் குறை இருந்தது. மோட்டார் வண்டிக்கு ஷாக் அப்ஸார்பர் இல்லாவிட்டால் ஒரு பள்ளத்தில் இறங்கிய பின்னும் ஆடிக்கொண்டே போகுமே, அது போல அவருடைய ஊசலுக்கும் ஆட்டத்தை அடக்கும் அமைப்பு இல்லை. அலை போன பின்னும் அது ஆடியது. காகிதமும் மெதுவாக ஓடியதால், அலை வந்த விநாடியைத் துல்லியமாகப் படிப்பது கடினம். ஜெர்மனியின் வீகெர்ட்டும் ரஷ்யாவின் கலிட்ஸினும் செய்த கருவிகள் இதைவிடச் சிறந்தவை. பூமியின் உள்ளகத்தைக் கண்ட பெருமையும் மில்னுக்குக் கிடைக்கவில்லை. அது ஓல்டாமுக்குப் போயிற்று.

1913 ஜூலை மாதக் கடைசியில் சிறுநீரக நோயால் மில்ன் காலமானார். வைட் தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தோனே அம்மையார் 1919-இல் தாய்நாடு திரும்பினார். மில்ன் தொடங்கிய தொகுக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் டர்னர் அதை எடுத்துக்கொண்டார். அதுவே வளர்ந்து, இன்று இங்கிலாந்தில் இயங்கும் சர்வதேச நிலநடுக்கவியல் மையம் உலக நாடுகளின் பதிவுகளைத் தொகுத்து வருகிறது.

இங்கேதான் என் ரப்பர் கதை எனக்கு உறைத்தது. கொடைக்கானலிலோ மொரீஷியஸிலோ அன்றைக்குக் காகிதம் மாற்றிய அந்த ஊழியருக்கு, பூமியின் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தன் கோடு யாருக்கு, எதற்குப் பயன்படும் என்றும் தெரியாது. கடிகாரம் ஒரு நிமிஷம் தவறியிருந்து அவர் சரிபார்க்காமல் விட்டிருந்தால்? அலை விநாடிக்கு 6 கிலோமீட்டர் என்றால், ஒரு நிமிஷத்துக்கு 360 கிலோமீட்டர். சென்னையில் நடந்ததைக் கரூர்ப் பக்கம் நடந்ததாகச் சொல்வது போல. பக்கத்து நிலையத்தின் கணக்கோடு பொருந்த வேண்டுமே என்று அவர் ரீடிங்கைத் திருத்தியிருந்தால்? ஓல்டாம் கண்ட அந்தத் தாமதம் காகிதத்தில் இருந்தே அழிந்துபோயிருக்கும். எதிர்பார்த்ததோடு பொருந்தாத ரீடிங்கில்தான் பூமியின் உள்ளகம் ஒளிந்திருந்தது. அந்தப் பெயர் தெரியாத ஊழியர்கள் ரப்பரை எடுக்கவில்லை. அதனால்தான் நமக்கு விஷயம் தெரிந்தது.

நண்பர்களே, நாளைக்கு நாம் எல்லோரும் பெரிய விஞ்ஞானி ஆகிவிடப் போவதில்லை. ஆனால் நாம் ரீடிங் எடுப்போம். சைட்டில் கான்கிரீட் கியூப் சோதிப்போம், சப்ஸ்டேஷனில் மீட்டர் பார்ப்போம், பட்டறையில் மைக்ரோமீட்டர் பிடிப்போம். அந்த எண்ணை நம்பி இன்னொருவர் எங்கேயோ ஒரு கணக்குப் போடுவார். அந்தக் கணக்கை நம்பி ஒரு குடும்பம் ஒரு கூரைக்குக் கீழே தூங்கும். டிப்ளமோ படிப்பவனுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு எது?

பொறுமைக்கு நிலத்தை உவமை சொன்னவர் நம் வள்ளுவர். அந்த நிலமே பொறுமை இழந்து ஆடும்போது, பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து நாடி பார்த்தவர் மில்ன். வீடு எரிந்த பிறகும் பார்த்தார்.

மறுநாள் காலை மைதானத்தைச் சுற்றித் திரும்ப லெவல் எடுத்தோம் என்று சொன்னேன் அல்லவா? பெஞ்ச் மார்க்குக்குத் திரும்பி வந்தபோது வித்தியாசம் 6 மில்லிமீட்டர். ஒருவன் என் முகத்தைப் பார்த்தான். நான் பேனாவால் 6 என்றே எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.